சந்தை கலைந்த பிறகு பிள்ளையிடம் என்ன கேட்கின்றோம்?

பிள்ளையின் கொப்பிக்குள் மடித்து வைத்த ஒரு துண்டுக் காகிதம் வீட்டுக்கு வருகின்றது. வரும் வெள்ளிக்கிழமை பாடசாலையில் சிறுவர் சந்தை, ஒவ்வொரு பிள்ளையும் விற்பதற்கு ஏதாவது கொண்டுவர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கின்றது. ஆரம்பப் பிரிவில் படிக்கும் பிள்ளை உள்ள வீடுகளுக்கு இது பழக்கமான செய்தி. அன்றிரவே அம்மாவின் கணக்கு தொடங்கிவிடும். வளவில் என்ன நிற்கின்றது? முருங்கைக்கீரை ஒடிக்கலாமா, பக்கத்து வீட்டில் நாலு தேசிக்காய் கேட்கலாமா, கச்சான் வறுத்துச் சிறு பைகளில் கட்டிக் கொடுக்கலாமா? கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு வெள்ளிக்கிழமை காலை பாடசாலைக்குப் போக லீவு கிடைக்குமா என்ற கவலை வேறு.

வெள்ளிக்கிழமை வருகின்றது. பாய் விரித்து, வாழையிலையில் மரக்கறிகளைப் பரப்பி, பிள்ளைகள் கூவி விற்கின்றார்கள். அதிபர் வருகின்றார், வலயக் கல்விப் பணிமனையில் இருந்தும் ஒருவர் வருகின்றார், படம் எடுக்கின்றார்கள். பத்து மணிக்கெல்லாம் சந்தை கலைந்துவிடுகின்றது. பிள்ளை வீட்டுக்கு வந்ததும் நாம் கேட்கும் முதற் கேள்வி, "எவ்வளவு காசு வந்தது?" என்பதுதான். அத்தோடு அந்தச் சந்தை முடிந்துவிடுகின்றது.

சந்தையில் பிள்ளை கற்றுக்கொண்டது என்ன? அதை யார் கேட்டார்கள்? இந்தக் கேள்விகளைப் பற்றியே இக்கட்டுரையில் பேச விரும்புகின்றோம். போரும் கடற்கோளும் இடப்பெயர்வும் கண்ட எமது வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்கு இது சிறிய விடயமன்று.

செயற்றிட்டம் எங்கிருந்து வந்தது?

சிறுவர் சந்தை வெறும் விளையாட்டன்று. அது ஒரு செயற்றிட்டம். பிள்ளைகள் ஒரு வேலையைத் தாமே திட்டமிட்டு, கூடிச் செய்து, முடித்து, அதிலிருந்து பாடத்தைக் கற்றுக்கொள்வதையே செயற்றிட்டக் கற்றல் என்கின்றோம். சந்தைக்குள் கணிதம் இருக்கின்றது, சுற்றாடல் இருக்கின்றது, மொழி இருக்கின்றது, அயலவரோடு பழகும் முறையும் இருக்கின்றது.

இந்த முறைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. அமெரிக்கக் கல்வியியலாளர் வில்லியம் கில்பற்றிக் 1918இல் செயற்றிட்ட முறை பற்றி எழுதிய கட்டுரை உலகெங்கும் ஆசிரியர்களிடம் பரவியது. அவருக்கு வழிகாட்டியாக இருந்த ஜோன் டூயி, 1910இல் வெளியிட்ட தமது நூலில், செய்ததைத் திரும்பிப் பார்த்துச் சிந்திக்கும் பழக்கத்தைப் பாடசாலை வளர்க்க வேண்டும் என்று விளக்கியிருந்தார். இந்தியாவில் காந்தியடிகள் 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலின் வழியாகவே பாடங்களைக் கற்பிக்க முயன்றது. தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007 அளவில் மாநிலம் முழுவதற்கும் போனது.

எமது நாட்டில் 1997ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் இதற்கு வழி திறந்தது. 1998இல் கம்பஹா மாவட்டத்தில் முதலில் நடைமுறைப்படுத்தி, 1999இல் நாடு முழுவதும் தரம் 1 இலிருந்து தொடங்கினார்கள். விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை ஆகிய மூன்றும் ஆரம்ப வகுப்புகளின் கற்றல் முறைகளாயின. அதன்பின் தாய்மார் காணும் மாற்றம் நாம் அறிந்ததே. பிள்ளை வீட்டுக்கு வந்து வெற்றுத் தீப்பெட்டி கேட்கின்றது, சிரட்டை கேட்கின்றது, பழைய பத்திரிகை கேட்கின்றது, பிரிஸ்டல் போட் கேட்கின்றது.

கேட்பதைத் தேடிக் கொடுக்கின்றோம். வேலை முடிகின்றது, காட்சிக்கு வைக்கின்றார்கள், புள்ளி போடுகின்றார்கள். ஆனால் செயற்றிட்டத்துக்கு இன்னும் இரண்டு படிகள் உண்டு. ஒன்று, செய்ததைத் திரும்பிப் பார்த்தல். மற்றையது, கற்றதைக் கூடிக் கொண்டாடுதல். முதலாவதை நேரமில்லை என்று விட்டுவிடுகின்றோம். இரண்டாவதைச் செலவாக மாற்றிவிடுகின்றோம்.

திரும்பிப் பார்த்தல் என்றால் என்ன?

ஓர் உதாரணம் பார்ப்போம். தரம் 4இல் படிக்கும் ஒரு மகள் பத்துப் பிடி முருங்கைக்கீரை கொண்டு போகின்றாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிடி 50 ரூபாய் என்று விலை வைக்கின்றாள். முதல் ஆறு பிடிகள் அந்த விலைக்குப் போகின்றன. வெயில் ஏற ஏற மிச்சக் கீரை வாடுகின்றது. பக்கத்தில் இன்னொரு பிள்ளை அதே கீரையை 40 ரூபாய்க்கு விற்கின்றது. இவள் மிச்சம் நாலு பிடியையும் 30 ரூபாய் வீதம் கொடுத்து முடிக்கின்றாள். கையில் 420 ரூபாய்.

"எவ்வளவு காசு வந்தது?" என்று கேட்டால் பதில் 420 ரூபாய். ஒரு சொல்லில் முடிந்தது. "500 ரூபாய் வரவேண்டியதல்லவா, ஏன் குறைத்துக் கொடுத்தாய்?" என்று அதட்டினால் பிள்ளை தலை குனிந்துகொள்ளும். அடுத்த முறை உண்மையைச் சொல்லாது.

அதே பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, "மகள், கீரை முழுவதும் எப்படி வித்து முடித்தாய்? சொல்லு கேட்பம்" என்று கேட்டுப் பாருங்கள். விலை குறைந்த கதை வரும். வெயிலில் கீரை வாடிய கதை வரும். தண்ணீர் தெளித்திருக்கலாம், ஈரச் சாக்கால் மூடியிருக்கலாம் என்று தானே சொல்லும். பக்கத்துக் கடைப் பிள்ளையோடு முதலிலேயே பேசி ஒரே விலை வைத்திருக்கலாம் என்று ஒருவேளை சொல்லும். நூறு ரூபாய்த் தாளுக்கு மிச்சக் காசு கொடுக்கத் தடுமாறியதையும் சொல்லும். கேள்வி, நிரம்பல், விலை, கழித்தல் எல்லாம் அந்தப் பேச்சுக்குள் வந்துவிடுகின்றன. சந்தைக்குள் நின்றபோது பிள்ளைக்கு இதையெல்லாம் யோசிக்க நேரம் இருக்கவில்லை. திரும்பிப் பார்க்கும்போதுதான் நடந்தது பாடமாகின்றது.

இதற்குக் காசு தேவையில்லை. ஆசிரியர் பட்டம் தேவையில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அம்மம்மாவாலும் முடியும். பத்து நிமிடமும் பொறுமையான காதும் போதும். கேட்கக்கூடிய கேள்விகள் சில:

- நீ என்ன செய்தாய்? யார் யாரோடு சேர்ந்து செய்தாய்?
- எது கஷ்டமாக இருந்தது? அதை எப்படிச் சமாளித்தாய்?
- உனக்கு யார் உதவினார்கள்? நீ யாருக்கு உதவினாய்?
- நீ நினைக்காத எது நடந்தது?
- திரும்பவும் செய்யச் சொன்னால் எதை மாற்றுவாய்?

எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்டால் அது விசாரணை போலாகிவிடும். இரண்டு கேள்விகள் போதும். பிள்ளை சொல்வதைத் திருத்தாமல் கேட்க வேண்டும். "அக்காவைப் பார், எப்படிச் செய்தாள்" என்ற ஒப்பீடு வேண்டாம். பிழைத்துப் போனதைச் சொன்ன பிள்ளையைப் பாராட்ட வேண்டும். பிழையைச் சொல்லப் பயப்படாத பிள்ளைதான் கற்றுக்கொள்ளும்.

வகுப்பில் இதைச் செய்ய ஆசிரியைக்கும் சுலபமான வழிகள் உண்டு. பிள்ளைகளை வட்டமாக இருத்தி ஒவ்வொருவரும் ஒரு வசனம் சொல்லலாம். எழுதத் தெரிந்தவர்கள் கொப்பியில் மூன்று வரி எழுதலாம், சிறியவர்கள் படம் கீறலாம். குழுவாகச் செய்த வேலையில் யார் என்ன செய்தார்கள் என்பதைக் குழுவே சொல்லட்டும். அப்போதுதான் எப்போதும் பின்னால் நின்று கூட்டிப் பெருக்கிய பிள்ளையின் உழைப்பும், கடையில் நிற்கவிடாமல் சாமான் அடுக்க மட்டும் விடப்பட்ட பெண்பிள்ளையின் உழைப்பும் வெளியே தெரியவரும்.

மனதில் காயம் உள்ள பிள்ளையிடம் கேட்பது

சகோதரிகளே, எமது மாவட்டத்தில் திரும்பிப் பார்க்கச் சொல்வது எல்லோருக்கும் ஒரே மாதிரி இலகுவானதன்று.

2006 ஏப்ரலில் சம்பூர்ப் பகுதி மக்கள் எழும்பி ஓடினார்கள். அவர்களில் பலர் கிளிவெட்டி, பட்டித்திடல் போன்ற இடங்களில் தகரக் கொட்டில்களில் வருடக்கணக்காக இருந்தார்கள். கடற்படை முகாம் இருந்த கடைசி நிலப்பகுதி விடுபட்டது 2016 மார்ச்சில். அந்த 2006இல் தரம் 1இல் சேர்ந்த பிள்ளை, 2016இல் சாதாரண தரப் பரீட்சைக்கு இருக்கும் வயதுக்கு வந்துவிட்டது. தன் பாடசாலைக் காலம் முழுவதையும் வேறு இடங்களில் கழித்த அந்தத் தலைமுறை இன்று தாயாகவும் தந்தையாகவும் ஆகிவருகின்றது. அவர்களுடைய பிள்ளைகள்தான் இப்போது கொப்பிக்குள் துண்டுக் காகிதம் கொண்டு வருகின்றார்கள்.

அதற்கு முன் 2004 டிசம்பர் 26 கடற்கோள். அண்மையில், 2021 நவம்பர் 23 அன்று, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலரை இழந்தோம். வகுப்பில் "நாங்கள் பாடசாலைக்கு வரும் வழி" என்று ஒரு செயற்றிட்டம் கொடுத்தால், ஒரு பிள்ளைக்கு அது வரைபடம். இன்னொரு பிள்ளைக்கு அது கூடப் படித்த ஒருத்தியின் நினைவு. "எனது குடும்பம்" என்று குடும்ப மரம் கீறச் சொன்னால், அப்பா என்ற கிளையில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பென்சிலைக் கடித்தபடி இருக்கும் பிள்ளைகள் எமது வகுப்புகளில் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டவரை இருக்கின்றார் என்றும் எழுத முடியாது, இல்லை என்றும் எழுத முடியாது. அந்தக் கிளை வெறுமையாக இருப்பதற்காகப் புள்ளி குறைக்கப்படக் கூடாது. தேவையென்றால் தாய் முன்கூட்டியே ஆசிரியையைத் தனியாகக் கண்டு இரண்டு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. அம்மம்மாவும் மாமியும் அயல்வீட்டு அக்காவும் நிற்கும் மரமும் குடும்ப மரந்தான்.

மனக்காயம் உள்ள ஒருவரை நடந்ததைச் சொல்லும்படி நெருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூலின் முக்கியமான அறிவுரை. வீட்டிலும் வகுப்பிலும் இது பொருந்தும். சந்தையைப் பற்றிக் கேட்கும்போது பிள்ளை வேறெதையோ நினைத்து அழுதால், கேள்வியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருந்தால் போதும். பேச விரும்பாத பிள்ளைக்கு "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லும் உரிமை உண்டு. நித்திரையின்மை, படுக்கையில் சிறுநீர் கழித்தல், எவரோடும் சேராதிருத்தல் போன்றவை நீண்டநாள் தொடர்ந்தால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடலாம். 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்து தேசிய மனநல நிறுவகத்தின் ஆலோசனையும் பெறலாம். இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

சொல்லால் சொல்ல முடியாததைக் கையால் சொல்லப் பிள்ளைகளுக்குத் தெரியும். மட்டக்களப்பில் 1996இல் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் இணைந்து தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா இதற்கு எமது கிழக்கிலேயே உள்ள நல்ல சான்று. போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் தமிழ், முஸ்லிம் கிராமங்களில் இருந்து பிள்ளைகளை பஸ்ஸில் அழைத்து வந்தார்கள். வாரம் ஒரு நாள், பல மாதங்கள். களிமண், வர்ணம், கதை, நாடகம், செடிகள், வளர்ப்பு மிருகங்கள் ஆகியவற்றோடு பிள்ளைகள் இருந்தார்கள். என்ன நடந்தது என்று எவரும் அவர்களைக் குடைந்து கேட்கவில்லை. களிமண்ணில் செய்ததற்குப் பிள்ளை தானே கதை சொன்னது, கதை நாடகமானது, நாடகத்தை மற்றப் பிள்ளைகள் பார்த்தார்கள். திரும்பிப் பார்த்தலும் கொண்டாட்டமும் அங்கே ஒன்றோடொன்று கலந்திருந்தன. ஒருவரையொருவர் பயந்திருந்த ஊர்களின் பிள்ளைகள் சேர்ந்து ஒன்றைச் செய்து முடித்தார்கள் என்பதே கொண்டாடப்பட வேண்டிய விடயமாக இருந்தது.

கொண்டாட்டம் யாருக்குச் சுமை?

இனிக் கொண்டாட்டத்துக்கு வருவோம். ஒரு வேலை முடிந்ததும் கூடி மகிழ்வது எமக்குப் புதிதன்று. அறுவடை முடிந்தால் பொங்குகின்றோம். வீட்டுக்குக் கூரை போட்டால் வேலை செய்தவர்களுக்குச் சோறு கொடுக்கின்றோம். கரைவலை இழுத்துக் கரை சேர்த்தால் இழுத்தவர்களுக்கு மீன் பங்கு கிடைக்கின்றது. உழைத்தவர்களின் உழைப்பை ஊர் கண்டு ஏற்றுக்கொள்வதே அந்த மகிழ்ச்சியின் பொருள்.

பாடசாலையில் அது பல இடங்களில் தடம் மாறிவிட்டது. ஒரே நிறச் சட்டை, கேக், குளிர்பானம், பலூன், படம் பிடிப்பவர், பிரமுகர்களுக்கு மாலை. ஒவ்வொரு பெற்றோரிடமும் இவ்வளவு என்று காசு சேர்க்கின்றார்கள். 1945இல் இருந்து கல்வி இலவசம். 1980இல் இருந்து பாடநூல் இலவசம். 1993இல் இருந்து சீருடைத் துணியும் கிடைக்கின்றது. ஆனால் கொண்டாட்டத்துக்குக் கொடுக்க வேண்டிய காசு அம்மாவின் கையில் இருந்து போகின்றது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின், அஸ்வெசும கொடுப்பனவை நம்பி மாதத்தை ஓட்டும் பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு அது சிறு தொகையன்று. காசு கொடுக்க முடியாத நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் நிறுத்துகின்ற தாய்மாரை நாம் அறிவோம். தான் செய்த வேலையின் கொண்டாட்டத்துக்கே ஒரு பிள்ளை வரமுடியவில்லை என்றால், அதை யாருடைய கொண்டாட்டம் என்று சொல்வது?

இதை மாற்ற முடியும். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலோ வகுப்புப் பெற்றோர் கூட்டத்திலோ நாம் பேசலாம். ஒரு தாய் தனியே எழும்பினால் சங்கடம். நாலைந்து பேர் முன்பே கதைத்துக்கொண்டு போனால் தைரியம். குறை சொல்வதாக இல்லாமல் யோசனையாக முன்வைக்கலாம்: காசு சேர்க்காமல், பிள்ளைகள் செய்ததைப் பிள்ளைகளே வந்தவர்களுக்கு விளங்கப்படுத்தட்டும். விருந்தினர் பேச்சுக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். ஒவ்வொரு பிள்ளையும், தான் செய்த ஒன்றையும் கற்ற ஒன்றையும் சொல்லட்டும். முதல் மூன்று இடங்களுக்கு மட்டும் பரிசு கொடுப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு உதவிய ஒருவரின் பெயரைச் சொல்லி நன்றி கூறட்டும். சந்தையில் மிஞ்சிய மரவள்ளியை அவித்து, தேங்காய்ப்பூவும் சம்பலும் சேர்த்து எல்லோரும் சாப்பிட்டால் அதுவே விருந்து. கூலிக்குப் போகும் தாய்மாரும் வரக்கூடியதாகக் காலை ஏழரை மணிக்கு அரை மணித்தியாலம் வைத்தால், அதிகமானோர் தம் பிள்ளையின் குரலைக் கேட்பார்கள்.

எமது ஊரே பாடநூல்

செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடி இணையத்தில் படம் அச்சடிக்கக் கடைக்கு ஓடவேண்டியதில்லை. திருகோணமலை மாதிரி ஓர் ஊர் கிடைக்கப் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள். எது அதிகச் சூடு, எது குறைவு என்று அளந்து பட்டியல் போடலாம். நாட்டின் மிக நீண்ட ஆறான மகாவலி, மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் கடலோடு சேருகின்றது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய துறைமுகம் எமது துறைமுகம். 1957இல் பிரித்தானியக் கடற்படை அதை விட்டுப் போனது. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, அக்கரைக்குப் போக மக்கள் பாதையில் காத்து நின்றார்கள். அந்தக் காத்திருப்பைப் பற்றிக் கேட்டால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை இருக்கும்.

இங்கேதான் தாயின் இடம் வருகின்றது. நெத்தலி எத்தனை வெயில் காய வேண்டும், எந்த மாதம் கடல் அடிக்கும், இடம்பெயர்ந்தபோது ஒரு சுண்டு அரிசியை ஆறு பேருக்கு எப்படிப் பகிர்ந்தோம் என்பதெல்லாம் எமக்குத் தெரிந்த கணிதமும் விஞ்ஞானமும் வரலாறும். பிள்ளை கொப்பியோடு வந்து அம்மாவிடம் கேட்டு எழுதும்போது, "எனக்கென்ன தெரியும், ரீச்சரைக் கேள்" என்று சொல்ல வேண்டாம். 1923இல் திருகோணமலையில் பெண்பிள்ளைகளுக்கென்று ஸ்ரீ சண்முகா வித்தியாலயத்தைத் தொடங்கியவர் தங்கம்மா சண்முகம்பிள்ளை என்ற பெண்மணி. பெண்களின் அறிவு கல்விக்கூடத்தின் வாசல் தாண்டிப் போவது இந்த ஊருக்குப் புதிதன்று.

நாம் இன்றே தொடங்கக்கூடியவை

- கிழமையில் ஒரு நாள், சாப்பிடும்போதோ தலை வாரும்போதோ, பிள்ளை செய்த ஒரு வேலையைப் பற்றி இரண்டு கேள்வி கேட்போம்.
- பிள்ளை செய்த படத்தையும் பொம்மையையும் குப்பையில் போடாமல் சுவரில் ஓரிடத்தில் சில நாட்கள் வைப்போம். வீட்டுக்கு வருபவருக்குப் பிள்ளையே அதைப்பற்றிச் சொல்லட்டும்.
- செயற்றிட்டத்தை நாம் செய்து கொடுக்காமல் இருப்போம். கோணலாக இருந்தாலும் பிள்ளையின் கைவேலையே அதன் கல்வி.
- பாடசாலைக் கூட்டத்தில் காசில்லாக் கொண்டாட்டம் பற்றிச் சேர்ந்து பேசுவோம்.
- தாயோ தந்தையோ வர முடியாத பிள்ளைக்கு, அன்று அங்கே நிற்கும் நாம் கை தட்டுவோம்.

எமது தலைமுறை பலவற்றைத் திரும்பிப் பார்க்க அஞ்சி வாழ்ந்தது. அதற்கான காரணங்கள் எமக்குத் தெரியும். ஆனால் எமது பிள்ளைகள், தாம் செய்ததைத் திரும்பிப் பார்த்து, "இது நான் செய்தது, இதில் பிழைத்தது இது, அடுத்த முறை இப்படிச் செய்வேன்" என்று பயமில்லாமல் சொல்லிப் பழகட்டும். அடுத்த சந்தை முடிந்து பிள்ளை வீட்டுக்கு வரும்போது, காசை எண்ணுவதற்கு முன் அதன் கதையைக் கேட்போம்.